தாயம் விழ வாய்ப்பு ஏழில் ஒன்றா? எட்டாம் வகுப்பில் நிகழ்தகவு எடுத்தபோது நடந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிறு நகரத்துப் பள்ளி, எட்டாம் வகுப்பு, தமிழ் வழி, 31 பிள்ளைகள். கணக்கு எடுத்தது நான். நான்கு பாடவேளையில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய ஒரு சின்னப் பாடம் ஒன்பது பாடவேளைக்கு இழுத்தது. அது ஏன் இழுத்தது, அதில் எது என் தப்பு, எது உண்மையிலேயே கஷ்டமான இடம் என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் பேசியதை அன்றன்று மாலையே நோட்டில் குறித்து வைத்திருந்தேன், அதனால் அவர்கள் சொன்னவை ஏறக்குறைய சொன்னபடியே இருக்கும்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் நிகழ்தகவு முறையாக வருவது ஒன்பதாம் வகுப்பில்தான். அங்கேயும் சரி, பத்தாம் வகுப்பிலும் சரி, அது கடைசி அத்தியாயம். கடைசி அத்தியாயம் என்ன பாடுபடும் என்பது பள்ளியில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்; சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு கணக்கு போட்டு, 'இதிலிருந்து ஒரு கேள்வி நிச்சயம் வரும்' என்று சொல்லித் தேர்வுக்கு அனுப்பிவிடுவோம். அந்த வருடம் எட்டாம் வகுப்பில் பாடங்கள் கொஞ்சம் சீக்கிரம் முடிந்து திருப்புதலுக்கு மூன்று வாரம் கையில் இருந்ததால், அதில் நான்கு பாடவேளையை எடுத்து இதை இப்போதே அறிமுகம் செய்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் இரண்டு வகுப்பும் அழகாகப் போயின, சந்தேகப்படும் அளவுக்கு அழகாக. நாணயம், பகடை, பையில் கோலிக்குண்டு. சாதகமான விளைவுகளை மேலே போடு, மொத்த விளைவுகளைக் கீழே போடு. பகடையில் இரட்டைப்படை எண் விழ 3/6, ஐந்து சிவப்பும் மூன்று நீலமும் உள்ள பையில் நீலம் வர 3/8. பின்னம் தெரிந்தவர்களுக்கு இது விளையாட்டு மாதிரிதான். இரண்டாம் நாள் கடைசியில் பத்துக் கேள்வி கொடுத்தேன், பெரும்பாலோர் எட்டுக்கு மேல் வாங்கினார்கள்.

அதில் ஒரு கேள்வி: 'நிகழ்தகவு' என்ற சொல்லின் எழுத்துகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தால் அது 'க' ஆக இருக்க வாய்ப்பு என்ன? நி, க, ழ், த, க, வு என ஆறு சீட்டு, அதில் இரண்டு 'க', ஆக 2/6, அதாவது 1/3. ஏழு பேர் 1/5 என்று எழுதியிருந்தார்கள். அவசரத்தில் எண்ணியிருப்பார்கள் என்று நினைத்துத் தப்புப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். அது அவசரம் இல்லை, 'எத்தனை விதமான எழுத்து' என்று எண்ணியிருக்கிறார்கள் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

கவனித்தது

மூன்றாம் வகுப்பை ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்கினேன். ஒரே மாதிரி இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைச் சேர்த்துச் சுண்டினால் ஒன்று தலை, ஒன்று பூ என்று விழ வாய்ப்பு என்ன?

21 பேர் எழுதியது 1/3. இரண்டும் தலை, இரண்டும் பூ, கலந்து ஒன்று, ஆக மூன்று விளைவு, அதில் ஒன்று நமக்கு வேண்டியது. ஆறு பேர் 1/2 என்று சரியாக எழுதியிருந்தார்கள், ஆனால் எப்படி வந்தது என்று கேட்டபோது அந்த ஆறில் இரண்டு பேர்தான் நான்கு விளைவையும் பட்டியல் போட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு 'காசுன்னா பாதிதானே டீச்சர்' என்பதுதான் விளக்கம். மீதி நான்கு பேரில் சிலர் வேறு ஏதோ எழுதியிருந்தார்கள், சிலர் எழுதவே இல்லை. அதே சூட்டில் 'நாளைக்கு மழை பெய்ய வாய்ப்பு எவ்வளவு?' என்று வாய்மொழியாகக் கேட்டேன். கோரஸாகப் பாதி என்றார்கள். பெய்யும் அல்லது பெய்யாது, இரண்டில் ஒன்று. மார்ச் மாத வெயிலில், ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம்கூட இல்லாதபோது.

சரி, தப்பு எங்கே என்று பார்ப்போம் என்று 1/3 எழுதிய ஒரு பையனை எழுப்பிக் கேட்டேன். அவன் பதில் இன்னும் என் நோட்டில் இருக்கிறது: 'நீங்கதான டீச்சர் சொன்னீங்க, மொத்தம் எத்தனை நடக்கலாம்னு எண்ணிக் கீழ போடுன்னு. மூணு நடக்கலாம். மூணு போட்டேன்.'

அவன் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை, நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் செய்திருக்கிறான். அந்தச் சூத்திரம் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: கீழே எண்ணுகிற ஒவ்வொரு விளைவும் மற்றதைப் போலவே சமமாக நிகழக்கூடியதாக இருக்க வேண்டும். இதை முதல் நாள் ஒரு வரியாகப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். நாணயம், பகடை, கோலி என்று நான் எடுத்த உதாரணம் எல்லாவற்றிலும் அந்த நிபந்தனை தானாகவே சரியாக இருந்ததால் அதைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது, இது தமிழில் எடுக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற சிக்கல். நம் பாடநூல்களில் எது விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத சோதனைக்குப் பெயர் 'சமவாய்ப்புச் சோதனை'. பையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது 'சமவாய்ப்பு முறையில்' எடுப்பது. அதே புத்தகத்தில் ஒரே அளவு வாய்ப்புள்ள நிகழ்ச்சிகளுக்கும் பெயர் 'சம வாய்ப்பு நிகழ்ச்சிகள்'. இரண்டும் வேறு வேறு கருத்து, ஆனால் பிள்ளையின் காதில் விழுவது ஒரே சொல். சமவாய்ப்புச் சோதனை என்று தலைப்பிலேயே போட்டாகிவிட்டது, அப்புறம் அதில் வருகிற எல்லா விளைவும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முதல் பொருளுக்கு 'எழுமாற்று' என்ற தனிச்சொல் இருக்கிறது, அந்தக் குழப்பத்துக்கு அங்கே இடமில்லை. நமக்கு இருக்கிறது.

பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர்களில் ஒருவரான தாலம்பேர், பெரிய கணித மேதை, 1754இல் அதே கலைக்களஞ்சியத்தில் நாணயம் சுண்டுவது பற்றி எழுதியபோது இதே குழியில் விழுந்தார். இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்றார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, அல்லது பூவுக்குப் பிறகு தலை, அல்லது இரண்டும் பூ, ஆக மூன்று வழி, அதில் இரண்டு சாதகம். சரியான விடை 3/4. என் வகுப்பின் 21 பேரும் அந்த வகையில் நல்ல துணையோடுதான் இருந்தார்கள்.

முதல் முடிவு, அது பலிக்காதது

விடையைச் சொல்லிவிடலாம் என்பதுதான் எளிது. சொன்னால் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் இரண்டு நாணயம் வந்தால் 1/2 போடுவார்கள், அடுத்து இரண்டு பகடை வந்தால் மறுபடி இதே கதை. அதனால் சொல்லாமல், மர வரைபடம் போட வைத்தேன். முதல் நாணயத்துக்கு இரண்டு கிளை, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கிளை, நுனியில் நான்கு. எல்லோரும் சுத்தமாக வரைந்தார்கள். வரைந்துவிட்டு, 'தலை-பூவும் பூ-தலையும் ஒண்ணுதானே' என்று அந்த இரண்டு நுனியையும் ஒரே வட்டத்துக்குள் போட்டு மூன்றாக்கிவிட்டார்கள்.

அப்புறம் காசை மாற்றினேன். ஒன்று ஒரு ரூபாய், இன்னொன்று ஐந்து ரூபாய். இப்போது ரூபாய் தலை, ஐந்து பூ என்பதும் ரூபாய் பூ, ஐந்து தலை என்பதும் வேறு வேறு என்று யாரும் வாதிடவில்லை. நான்கு விளைவு, விடை 2/4. அப்பாடா என்று இருந்தது. உடனே பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: 'அப்ப வேற வேற காசுன்னா பாதி, ஒரே மாதிரி காசுன்னா மூணுல ஒண்ணு, சரியா டீச்சர்?' பாதி வகுப்பு தலையாட்டியது.

எனக்கு அந்த நிமிடம் பதில் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காப்பாற்றியது முன் வரிசையில் அதிகம் பேசாத ஒரு பெண். இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தையும் வாங்கி, ஒன்றில் மட்டும் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டி, 'இப்ப வேற வேற காசு. பொட்டு வச்சது காசுக்குத் தெரியுமா?' என்றாள். வகுப்பு சிரித்தது, அப்புறம் அமைதியாகிவிட்டது. பொட்டு வைப்பதற்கு முன் மூன்றில் ஒன்று, வைத்த பின் இரண்டில் ஒன்று என்றால் காசு நம் கண்ணைப் பார்த்து விழுகிறது என்று ஆகிவிடுமே. கலந்து விழ இரண்டு வழி உண்டு, நமக்கு அடையாளம் தெரியாததால் அது ஒரு வழி ஆகிவிடாது. இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

தாயக்கட்டையை எடுத்தது ஏன்

பொட்டு புரிந்தவர்கள் ஒரு பத்துப் பேர் இருக்கும். மீதிப் பேருக்கு வேறு ஒரு கருவி வேண்டும், அதில் விளைவுகளின் வாய்ப்பு ஏறுமாறாக இருப்பது கண்ணால் பார்த்தாலே தெரிய வேண்டும். சீட்டுக்கட்டு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். ஒன்பது, பத்தாம் வகுப்பில் 52 சீட்டுக் கணக்கு எப்படியும் வரும், ஆனால் கிளாவர் எது ஸ்பேடு எது என்று தெரியாத, சீட்டை வாழ்நாளில் கையில் தொடாத பிள்ளைகளுக்கு அதில் பாதி நேரம் சீட்டை அறிமுகம் செய்யவே போய்விடும். தாயம் அப்படி இல்லை. 31 பேரில் ஒருவர்கூட விளையாடத் தெரியாது என்று சொல்லவில்லை.

தாயக்கட்டையைப் பார்க்காதவர்களுக்காக: நீளமான, நான்கு பக்கமுள்ள இரண்டு பித்தளைக் கட்டை. பக்கங்களில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒன்றுமில்லாத வெற்றுப் பக்கம். உள்ளங்கையில் உருட்டிப் போட்டு மேலே தெரிவதைக் கூட்டிக்கொள்வது. ஒன்று விழுந்தால் தாயம், இரண்டு கட்டையும் வெற்றுப் பக்கம் காட்டினால் பூஜ்யம் அல்ல, பன்னிரண்டு. எங்கள் பக்கம் 1, 5, 6, 12 நான்குக்கும் மறு ஆட்டம் உண்டு. ஊருக்கு ஊர் இது மாறும்.

தலைமையாசிரியர் தயங்கினார். 'தாயம் உருட்டுறத யாராவது பார்த்தா என்ன டீச்சர் சொல்றது?' என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காசு, பந்தயம், புள்ளி, பரிசு எதுவும் கிடையாது, ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் உருட்ட ஒருவர் எழுத வேண்டும், அட்டவணை சுவரில் ஒட்டப்படும் என்று சொல்லி அனுமதி வாங்கினேன். அப்படியும் ஒரு மாணவனின் அப்பா இரண்டாம் நாளே வந்து 'ஸ்கூல்ல சூதாட்டமாமே' என்று கேட்டார். சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டினேன், நின்று முழுக்கப் படித்தார், ஆறும் பன்னிரண்டும் ஒரே அளவுதானா என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார். நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்ததே 1654இல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு கணிதவியலாளர்கள் ஒரு சூதாட்டப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் என்ற உண்மையை அந்த நேரத்தில் அவரிடம் சொல்லாமல் விட்டது நல்லது என்று நினைக்கிறேன்.

வீடுகளிலிருந்து மூன்று ஜோடி பித்தளைக் கட்டை வந்தது. ஏழு குழுவுக்குப் போதவில்லை. தச்சுப் பட்டறையில் சதுரச் சட்டத்தைத் துண்டு போட்டு வாங்கி, புள்ளி குத்தி, ஐந்து ஜோடி செய்தோம். அதில் ஒரு ஜோடி சதுரமாக இல்லாமல் சற்றுப் பட்டையாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து மேசை டிராயரில் போட்டுவிட்டேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

280 உருட்டல்கள்

உருட்டுவதற்கு முன் ஊகம் எழுத வைத்தேன், இதில் மட்டும் நான் கறாராக இருந்தேன். என்னென்ன விழலாம்? 1, 2, 3, 4, 5, 6, 12, ஆக ஏழு. தாயம் விழ வாய்ப்பு? எதிர்பார்த்தபடி 1/7 என்று எழுதியவர்கள்தான் அதிகம். ஆனால் சுவாரஸ்யம் என்னவென்றால், அதே பிள்ளைகளிடம் 'அப்ப பன்னிரண்டும் மூணும் ஒரே அளவு விழுமா?' என்று கேட்டால் சிரிக்கிறார்கள். 'பன்னெண்டு எங்க டீச்சர் சீக்கிரம் விழும், மூணு விழுந்துக்கிட்டே இருக்கும்.' கைக்குத் தெரிந்தது காகிதத்துக்கு வரவில்லை. ஏழில் ஒன்று என்று எழுதியபோது அவர்கள் தாயத்தை நினைக்கவில்லை, என் சூத்திரத்தை நினைத்தார்கள்.

பிறகு ஏழு குழுவும் ஆளுக்கு 40 என்று உருட்டின, மொத்தம் 280. எல்லாம் ஏழில் ஒன்று என்றால் ஒவ்வொன்றும் 40 பக்கம் வர வேண்டும். வந்தது: தாயம் 38, இரண்டு 49, மூன்று 74, நான்கு 55, ஐந்து 31, ஆறு 18, பன்னிரண்டு 15.

தாயம் 38 என்பது 40க்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒருவன் வெற்றிப் புன்னகை காட்டினான். அதை மட்டும் பார்த்தால் அவன் சொல்வதும் சரிதான், ஏழில் ஒன்றுக்கும் எட்டில் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் 280 உருட்டலில் ஐந்துதான், அவ்வளவு நுணுக்கத்தை இந்தக் குறைந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. ஆனால் 74ஐயும் 15ஐயும் என்ன செய்வது? அதற்கு அவனிடம் பதில் இல்லை.

இந்த இடத்தில்தான் கட்டம் போட வைத்தேன். மேலே ஒரு கட்டையின் நான்கு பக்கம், இடப்பக்கம் மற்றதன் நான்கு பக்கம், மொத்தம் 16 கட்டம். இந்த 16இல் ஒன்றைவிட இன்னொன்று விழ எந்தக் காரணமும் இல்லை, கட்டைகள் சதுரம், நான்கு பக்கமும் ஒரே அளவு. இனி எண்ணலாம். மூன்று விழ நான்கு கட்டம் (வெற்றும் மூன்றும் இரண்டு விதமாக, ஒன்றும் இரண்டும் இரண்டு விதமாக), இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. தாயம் 2/16, எட்டில் ஒன்று. 280இல் 35 எதிர்பார்க்கலாம், 38 வந்தது. மூன்றுக்கு 70, வந்தது 74. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் 17, 18 பக்கம். வந்தது 18, 15. பொட்டு வைத்த பெண்தான் முதலில் கத்தினாள், 'டீச்சர், தாயத்துக்கு ரெண்டு கட்டம், அன்னிக்கு தலை-பூ மாதிரியே!'

மறு ஆட்டம் கிடைக்க வாய்ப்பைக் கணக்கிடச் சொன்னேன். 2+2+1+1, ஆக 6/16, 3/8. அட்டவணையில் 38+31+18+15 = 102; எதிர்பார்ப்பு 105. மறு ஆட்டம் கிடைக்காமல் போக 5/8 என்று ஒன்றிலிருந்து கழித்துச் சொன்னவர்களும் உண்டு, நிரப்பு நிகழ்ச்சி என்ற பெயரை அப்புறம்தான் கொடுத்தேன். இதில் ஒரு விஷயம் எனக்கே புதிது. மறு ஆட்டம் உள்ள 1, 5, 6, 12 நான்கும் அரிதாக விழுகிற நான்கு. இடையில் உள்ள 2, 3, 4 மூன்றுக்கும் மறு ஆட்டம் இல்லை. இந்த விதியை எந்தக் காலத்தில் யார் வகுத்தார்களோ, கட்டம் போடாமலே விரலில் கணக்கு வைத்திருந்திருக்கிறார்கள்.

எல்லாம் சுமுகமாக இல்லை. ஒரு குழுவுக்கு 40 உருட்டலில் தாயம் ஒன்பது விழுந்தது, இன்னொரு குழுவுக்கு ஒன்றே ஒன்று. அந்தக் குழு 'எங்க கட்டை சரியில்ல' என்று சண்டைக்கு வந்தது, கட்டையை மாற்றித் தர வேண்டியிருந்தது. எட்டில் ஒன்று என்றால் எட்டு தடவை போட்டால் ஒரு தாயம் கட்டாயம் விழும் என்று ஒருவன் பிடிவாதமாக இருந்தான். எட்டு தடவையும் தாயமே விழாமல் போவதற்கான வாய்ப்பு 7/8ஐ எட்டு முறை பெருக்கினால் வருவது, சுமார் 0.34, மூன்றில் ஒன்றுக்கும் சற்று மேல். அந்தப் பெருக்கல் எட்டாம் வகுப்புக்கு உரியதல்ல, விடையை மட்டும் சொன்னேன். அவன் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

புளியங்கொட்டை

இதோடு முடிக்கலாம் என்று இருந்தேன். ஆறாம் பாடவேளை முடிகிற நேரம் ஒரு பெண் வந்து, 'எங்க வீட்ல பித்தளைக் கட்டை கிடையாது டீச்சர், புளியங்கொட்டைலதான் ஆடுவோம்' என்றாள். கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, நான்கை எடுத்து வீசுவது, எத்தனை வெள்ளை விழுகிறதோ அதுதான் புள்ளி, ஒரு வெள்ளை என்றால் தாயம். மறுநாள் கொண்டுவந்தாள். நானும் உற்சாகமாக, நான்கு கொட்டை, ஒவ்வொன்றுக்கும் வெள்ளை அல்லது கறுப்பு, 16 விளைவு, ஒரே ஒரு வெள்ளை விழ நான்கு வழி, 4/16, கால் என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். வகுப்பும் இப்போது தயக்கமில்லாமல் கூடவே எண்ணியது.

'ஆனா டீச்சர், இதுல கறுப்புதான் நிறைய விழும்' என்றாள் கொட்டை கொண்டுவந்தவள்.

நேரமாகிவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று வாய்வரை வந்தது. அடுத்த பாடவேளை முழுவதையும் அதற்கே கொடுத்தேன், மூன்று வாரத்தில் நான் எடுத்த நல்ல முடிவு இது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஒரே ஒரு கொட்டையை ஐந்து பேர் மாற்றி மாற்றி ஆளுக்கு 50 தடவை போட்டார்கள். 250இல் வெள்ளை 96. பாதி என்றால் 125 வர வேண்டும். காரணம் கையில் எடுத்தாலே தெரிகிறது: தேய்த்த பக்கம் தட்டை, மற்றது உருண்டை, தட்டையான பக்கம் தரையில் உட்காரத்தான் பார்க்கும். நிறம் இரண்டுதான், ஆனால் இரண்டும் சமம் இல்லை. இந்தக் கொட்டைக்கு எண்ணி வகுக்கிற சூத்திரம் உதவாது, போட்டுப் பார்த்து வருகிற விகிதம்தான் கதி, அதைத்தான் ஒன்பதாம் வகுப்பில் பட்டறி நிகழ்தகவு என்று படிப்பீர்கள் என்றேன்.

அப்போது வந்த கேள்விதான் இந்தப் பாடத்திலேயே எனக்குப் பிடித்தது. 'அப்ப காசு மட்டும் பாதின்னு எப்படித் தெரியும்? அதையும் போட்டுப் பார்த்தாங்களா?' பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுப்பு முகாமில் மாட்டிக்கொண்ட ஜான் கெரிச் என்ற கணிதவியலாளர் ஒரு நாணயத்தை 10,000 தடவை சுண்டிக் குறித்துவைத்தார், தலை 5,067. பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு முகாமில் அவருக்குக் காசு எப்படிக் கிடைத்தது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதைச் சமாளித்துவிட்டு, சுண்டாமலே பாதி என்று சொல்ல என்ன தைரியம் என்று திருப்பிக் கேட்டேன். 'ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு, ஒரு பக்கம் விழறதுக்குத் தனியாக் காரணம் இல்ல.' முதல் நாள் நான் ஒரு வரியில் வாசித்துவிட்டுப் போன நிபந்தனை இதுதான்.

டிராயரில் போட்ட பட்டையான கட்டை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை ஒளித்துவைத்திருக்கவே கூடாது.

என்ன ஆனது

மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு சிறு தேர்வு, 30 பேர் எழுதினார்கள். ஒரே மாதிரி இரண்டு நாணயம், கலந்து விழ வாய்ப்பு: 24 பேர் சரி. பாதி சிவப்பு, கால் நீலம், கால் மஞ்சள் என்று பிரித்த சுழல்தட்டில் சிவப்பு நிற்க வாய்ப்பு: 26 பேர் 1/2. மூன்று நிறம், அதனால் 1/3 என்பது பெரும்பாலும் போய்விட்டது. இரண்டு பகடையின் கூடுதல் 7 வர வாய்ப்பு என்பதில் 17 பேர் 6/36ஐப் பிடித்தார்கள், ஐந்து பேர் 2 முதல் 12 வரை பதினொன்று என்று எண்ணி 1/11 எழுதினார்கள், மீதி எட்டுப் பேர் கட்டம் போட்டும் எண்ணுவதில் சறுக்கினார்கள்.

நாளைக்கு மழை என்ற கேள்வியில் 12 பேர் இன்னும் பாதி. நாணயத்தில் திருந்தியது வானத்துக்குப் போய்ச் சேரவில்லை.

நான் எதிர்பார்க்காத பக்கவிளைவும் உண்டு. ஒரு பகடையில் 4 விழ வாய்ப்பு என்ற மிகச் சுலபமான கேள்விக்கு மூன்று பேர் 'போட்டுப் பார்த்தால்தான் தெரியும்' என்று எழுதினார்கள், இரண்டாம் நாள் தேர்வில் இதே மூவரும் 1/6 எழுதியவர்கள். தாயத்துக்கு 1/8க்குப் பதில் 38/280 என்று எழுதியவர்கள் நான்கு பேர். சுவரில் ஒட்டிய எண்தான் உண்மை, கட்டத்தில் எண்ணியது உத்தேசம் என்று அவர்களுக்குப் பதிந்திருக்கிறது. புளியங்கொட்டையில் நான் காட்டிய உற்சாகத்துக்குக் கொடுத்த விலை இது. அதோடு ஐந்து பாடவேளை திருப்புதல் போனது, இயற்கணிதத்தில் தடுமாறிக்கொண்டிருந்த நான்கைந்து பேருக்கு அந்த ஐந்தும் தேவைப்பட்டிருக்கும். அந்தக் கணக்கையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்த முறை மாற்றப்போவது

சூத்திரத்தை முதல் நாள் எழுதமாட்டேன். பட்டையான மரக்கட்டையையும் நல்ல பகடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் எண்ணி வகுக்கலாம், எதில் கூடாது, ஏன் என்று கேட்டுத் தொடங்குவேன். எண்ணுவதற்கு முன் 'இவை சமமாக விழும், ஏனென்றால்...' என்று ஒரு வாக்கியத்தை முடித்து எழுத வேண்டும், அது இல்லாத விடைக்குப் பாதி மதிப்பெண்தான். 'சமவாய்ப்பு முறையில்' என்ற சொல்லை வகுப்பில் 'கண்ணை மூடிக்கொண்டு' என்று சொல்லிவிட்டு, புத்தகச் சொல்லைக் கடைசியில் அறிமுகம் செய்வேன். இரண்டு நாணயம் வரும்போதெல்லாம் ஒன்றில் பொட்டு இருக்கும்.

உருட்டி வந்ததற்கும் எண்ணி வந்ததற்கும் முதலிலிருந்தே இரண்டு தனிப் பத்தி, தனித் தலைப்பு. ஒன்று இன்னொன்றின் விடைத்தாள் அல்ல. மழைக் கேள்வியை எப்படி எடுப்பது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஒரு மாதம் தினமும் மழை பெய்ததா இல்லையா என்று நாட்காட்டியில் குறிக்க வைக்கலாம் என்று நினைக்கிறேன், அதற்கு மார்ச் மாதம் சரிப்படாது, அக்டோபர் நவம்பரில் செய்ய வேண்டும்.

புளியங்கொட்டைப் பெண் விடுமுறைக்கு முந்தின நாள் வந்தாள். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு தட்டையாகத் தேய்த்து, ஒரு பக்கத்தை மட்டும் பேனா மையால் கறுப்பாக்கிய ஒரு கொட்டை. 50 தடவை போட்டிருக்கிறாள், வெள்ளை 23. 'இப்ப சமம்தானே டீச்சர்?' என்றாள். 200 தடவை போட்டுவிட்டு ஜூனில் வந்து சொல் என்று அனுப்பினேன்.